ஓட்டுநர் உரிமம் முடியும் முன் புதுப்பிப்பது எப்படி? தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக், கார் மட்டும் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதில் பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கிறது. லாரி, பஸ், வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கான மாற்றங்கள் பின்னால் தனியாக வருகின்றன.

என் லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று எங்கே பார்ப்பது?

அட்டையிலேயே இருக்கிறது. ஆனால் பலரும் வழங்கிய தேதியைப் பார்த்துவிட்டு அதோடு 20 வருடத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். அப்படிக் கணக்குப் போட வேண்டாம். செல்லத்தக்க காலம் என்ற இடத்தில் ‘என்டி’ என்று இருப்பது சொந்த வாகனங்களுக்கானது, ‘டிஆர்’ என்று இருப்பது போக்குவரத்து வாகனங்களுக்கானது (லாரி, பஸ், வாடகை வண்டி போன்றவை). இரண்டும் உள்ளவருக்கு இரண்டு தேதி இருக்கும். அட்டை தேய்ந்து எழுத்து தெரியவில்லை என்றால் டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற மத்திய அரசின் செயலிகள் ஒன்றில் பாருங்கள். அட்டையில் ஒன்றும் இணையத்தில் வேறொன்றும் இருந்தால், புதுப்பிக்கப் போகும் முன்பே அலுவலகத்தில் சொல்லித் திருத்த வேண்டும். விண்ணப்பத்தை ஏற்பதா வேண்டாமா என்று, உரிமப் பதிவுகளை வைத்திருக்கும் அரசின் சாரதி மென்பொருள் தன்னிடம் உள்ள தேதியை வைத்துத்தான் முடிவு செய்யும்.

50 வயது வரை செல்லும் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? என் தம்பிக்கு 40 வரைதான் என்று வந்திருக்கிறது.

இரண்டுமே சரிதான். மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அதற்கு முன் வழங்கிய உரிமம் 20 ஆண்டுகளுக்கோ 50 வயது நிறையும் வரைக்கோ, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். அட்டையில் அப்படி அச்சான தேதி இப்போதும் செல்லும்.

அதன் பிறகு வழங்கியவற்றுக்கும் புதுப்பித்தவற்றுக்கும் கணக்கு வேறு. வழங்கும் நாளில் 30 வயது நிறையாதவருக்கு 40 வயது வரை. 30-லிருந்து 50-க்குள் இருந்தால் 10 ஆண்டு. 50 முடிந்து 55 ஆகாதவருக்கு 60 வயது வரை. 55-க்கு மேல் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டு. உதாரணமாக 44 வயதில் புதுப்பிப்பவருக்கு 54 வரை கிடைக்கும். அவர் 54-ல் மறுபடி வந்தால் 60 வரை, அதாவது 6 ஆண்டுதான். பழைய அட்டைக்காரர்கள் பலருக்கு 50-வது பிறந்தநாளை ஒட்டித்தான் தேதி முடிகிறது. வண்டி எஃப்சி, இன்ஷூரன்ஸ் எல்லாம் ஞாபகம் வைத்திருப்பவர்கள்கூட இந்தத் தேதியைக் கோட்டை விடுவது இதனால்தான்.

எவ்வளவு நாள் முன்னால் விண்ணப்பிக்கலாம்?

முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பிலிருந்தே. ஆனால் ஓராண்டு முன்பே ஓட வேண்டியதில்லை. சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, இந்தக் காலத்துக்குள் புதுப்பித்தால் புதிய காலம் புதுப்பித்த நாளிலிருந்து எண்ணப்படும். பதினொரு மாதம் மீதி இருக்கும்போது புதுப்பித்தால் அந்தப் பதினொரு மாதத்தை இழக்கிறீர்கள்.

கடைசி வாரம் வரை இழுப்பதும் தப்பு. பெயர், முகவரி, பழைய எண் என ஏதாவது ஒன்று இடறினால் இரண்டு மூன்று வாரம் சாதாரணமாகப் போய்விடும். இரண்டு மாதம் மீதி இருக்கும்போது தொடங்குவது நல்லது. வெளிநாடு கிளம்புகிறவர், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர் போன்றவர்கள் மட்டும் அந்த ஓராண்டு வசதியைப் பயன்படுத்தலாம்.

முடிந்த பிறகும் 30 நாள் சலுகை இருக்கிறதாமே?

இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலேயே ‘ஒரு மாசம் ஓட்டலாம் சார்’ என்று சொல்லக் கேட்கலாம். அது பழைய சட்டம்.

குழப்பம் வருவது எங்கே என்றால், முடிந்த பின் ஓராண்டு வரை தேர்வு இல்லாமல் புதுப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அது புதுப்பிக்க மட்டும் கிடைத்த அவகாசம். அந்த ஓராண்டில் வண்டி ஓட்ட அனுமதி கிடையாது.

காலாவதியான லைசென்ஸோடு ஓட்டி மாட்டினால் என்ன ஆகும்?

செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் வழக்கு. 181-வது பிரிவில் அபராதம் 5,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. வண்டி வேறொருவருடையது என்றால், உரிமம் இல்லாதவரிடம் கொடுத்ததற்காக அவர் மீது 180-வது பிரிவில் தனியாக 5,000.

அபராதம் கட்டுவதோடு போய்விட்டால் பரவாயில்லை. விபத்து நடந்தால்தான் உண்மையான அடி. சொந்த வண்டிக்கான சேதத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனம் மறுக்க இது போதும். எதிரே அடிபட்டவருக்கான இழப்பீட்டை நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும்.

என்னென்ன காகிதம் தேவை?

அசல் உரிமம், முகவரிச் சான்று, வயதைக் காட்டும் சான்று. பெரும்பாலானவர்களுக்கு ஆதார் ஒன்றே போதுமானது. உடல்தகுதிக்கு 40 வயதுக்குக் கீழே, சொந்த வாகனம் மட்டும் என்றால் படிவம் 1. இது நீங்களே கொடுக்கும் உறுதிமொழி. 40-ஐத் தாண்டியவருக்கும், எந்த வயதானாலும் போக்குவரத்து வாகனம் ஓட்டுகிறவருக்கும் படிவம் 1ஏ. இது மருத்துவர் தருவது.

விண்ணப்பத்துக்கு முன்பு படிவம் 9 என்று ஒன்று இருந்தது. 2021-லிருந்து படிவம் 2-தான் பொதுவான விண்ணப்பம். இணையத்தில் விவரங்களை நிரப்பினால் அதுவே உருவாகிவிடும், கடையில் வாங்கி நிரப்ப வேண்டியதில்லை.

ஒரு நுணுக்கம். 40 வயதோடு முடியும் உரிமம் வைத்திருப்பவர் பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பித்தால் அன்று அவருக்கு வயது 39-தான். மருத்துவரைத் தேடிப் போகும் வேலை மிச்சம்.

மருத்துவர் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்?

படிவம் 1ஏ-வில் கேள்விகள் வரிசையாக இருக்கின்றன. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா? மாலைக்கண் உண்டா? ஹாரன் போன்ற சாதாரண ஒலிகள் கேட்கின்றனவா? ஓட்டுவதற்குத் தடையான உடல் குறை ஏதும் உண்டா? கண்ணாடி போடுகிறவர் அதை அணிந்துகொண்டே போகலாம், வீட்டில் வைத்துவிட்டுப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சான்று திரும்பி வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால்தான். புகைப்படத்தின் மேல் மருத்துவர் கையெழுத்து பாதி படத்திலும் பாதி தாளிலும் விழ வேண்டும். அங்க அடையாளம் இரண்டு எழுதியிருக்க வேண்டும். மருத்துவரின் பதிவு எண் முத்திரையில் தெளிவாக இருக்க வேண்டும். பார்க்காமலே முத்திரை குத்தித் தரும் இடங்கள் ஆர்டிஓ அலுவலக வாசலில் இருக்கலாம், அந்தச் சான்றை அலுவலகம் நிராகரித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். மருத்துவரிடம் போகும் முன், சான்றைச் சாரதி தளத்திலேயே ஏற்றித் தருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படித் தருபவரிடம் போனால் மேலே சொன்ன கோளாறுகளில் பாதி வராது.

இணையத்தில் விண்ணப்பிக்கும் வரிசை என்ன?

மத்திய அரசின் பரிவாகன் தளத்துக்குள் சாரதி என்ற பகுதி. முதலில் மாநிலம் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுங்கள். ஓட்டுநர் உரிமச் சேவைகளில் புதுப்பித்தல் என்பதைத் திறந்து, உரிம எண்ணும் பிறந்த தேதியும் கொடுங்கள். உங்கள் விவரம் திரையில் வரும். அது உங்களுடையதுதானா, எந்த அலுவலகம், முகவரி சரியா என்று இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அடுத்த பக்கத்தில் வேண்டிய சேவைகளை டிக் செய்யும் பட்டியல் வரும். வீடு மாறியிருந்தால் புதுப்பித்தலோடு முகவரி மாற்றத்தையும் சேர்த்து டிக் செய்யுங்கள். இதை விட்டுவிட்டுப் பின்னால் தனியாகப் போட்டால் மறுபடி கட்டணம், மறுபடி அட்டை.

பிறகு உடல்தகுதி உறுதிமொழி. உறுதி செய்ததும் விண்ணப்ப எண் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இதற்குப் பிறகு எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான். அடுத்து ஆவணங்களை ஏற்றுவது, புகைப்படமும் கையெழுத்தும், கட்டணம், தேவைப்பட்டால் அலுவலகம் போக நாள் குறிப்பது. நடுவில் மின்சாரம் போனாலும் பயமில்லை. விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் விட்ட படியிலிருந்து தொடரலாம்.

என் உரிம எண்ணைப் போட்டால் ‘விவரம் இல்லை’ என்று வருகிறது.

இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, எண்ணை எழுதும் விதம். இப்போதைய முறையில் மாநில எழுத்து இரண்டு, அலுவலக எண் இரண்டு, வழங்கிய ஆண்டு நான்கு இலக்கம், வரிசை எண் ஏழு இலக்கம். பழைய அட்டையில் ‘டிஎன் 58 / 4321 / 1999’ என்பது போல இருந்தால், மதுரை தெற்கின் 58, பிறகு 1999, பிறகு 4321-க்கு முன்னால் மூன்று பூஜ்யம் சேர்த்து 0004321 என்று போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் திறந்துவிடும்.

அதற்கும் வரவில்லை என்றால் உங்கள் உரிமம் கணினிக்கு ஏறவே இல்லை என்று அர்த்தம். கணினிமயத்துக்கு முந்தைய காகிதப் புத்தக உரிமங்களில் இது சகஜம். அசலை எடுத்துக்கொண்டு அதை வழங்கிய அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவர்கள் பதிவேட்டைப் பார்த்து ‘பேக்லாக்’ பதிவு செய்வார்கள், அதாவது விட்டுப்போன பழைய உரிமத்தைக் கணினியில் ஏற்றுவார்கள். அந்த ஊரை விட்டு வந்து இருபது வருடம் ஆனவருக்கு இது ஒரு நாள் வேலை இல்லை. ஆகவே உங்களிடம் இருப்பது பழைய உரிமம் என்றால் மற்றதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, எண்ணைப் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

புகைப்படம் ஏற மாட்டேன் என்கிறது.

அளவுதான் காரணம். புகைப்படமும் கையெழுத்தும் ஜேபிஜி கோப்பாக, ஒவ்வொன்றும் 10-லிருந்து 20 கேபிக்குள் இருக்க வேண்டும். புகைப்படத்துக்கு 420-க்கு 525 பிக்சல், கையெழுத்துக்கு 256-க்கு 64. போனில் எடுத்த படம் அப்படியே இரண்டு மூன்று எம்பி இருக்கும். கையெழுத்தை வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் போட்டு, நீளவாக்கில் ஒட்ட வெட்டிவிட்டுச் சுருக்குங்கள். தாள் முழுவதையும் சுருக்கினால் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல அட்டையில் அச்சாகும்.

நேரில் போகாமலே முடிக்க முடியுமா?

தேர்வு தேவைப்படாத புதுப்பித்தல், மத்திய அரசு 2021 மார்ச்சில் அறிவித்த 18 நேரடித் தொடர்பில்லா சேவைகளில் ஒன்று. ஆதார் வழியாக அடையாளத்தை உறுதி செய்தால் அலுவலகம் போகாமல் முடிக்கலாம். ஆதாரோடு இணைந்த போன் எண் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும்.

தடை வருவது பெயரில். நம்மூர் இனிஷியல் பழக்கம் கணினிக்குப் புரிவதில்லை. உரிமத்தில் ‘முருகன் ச’, ஆதாரில் ‘சண்முகம் முருகன்’ என்று இருந்தால் இருவரும் ஒருவர்தான் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம் இருந்தாலும் இதே கதை. அப்படியானால் ஆதார் வழியை விட்டுவிட்டு, ஆதார் இல்லாத முறையைத் தேர்ந்தெடுத்து நேரில் போங்கள். உரிமத்தில் உள்ள பெயரே தப்பு என்றால் பெயர் திருத்தத்தையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம், அதற்கான சான்றோடு.

கட்டணம் எவ்வளவு?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புதுப்பிக்க 200 ரூபாய், அட்டைக்கு 200. இதன் மேல் மாநிலச் சேவைக் கட்டணம் சேரும். முகவரி மாற்றம் போன்றவற்றுக்குத் தனி. மொத்தம் எவ்வளவு என்று கட்டணப் பக்கத்தில் பிரித்துக் காட்டும். கட்டண விதி சொல்லும் சலுகைக் காலம் (இது வண்டி ஓட்டுவதற்கான சலுகை அல்ல) தாண்டி வருபவருக்கு 200-க்குப் பதில் 300, அதன் மேல் தாமதமான ஒவ்வொரு ஆண்டுக்கும், ஆண்டின் பகுதிக்கும், கூடுதலாக 1,000 என்று விதியில் இருக்கிறது.

பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. மறுபடி கட்டலாமா?

உடனே கட்ட வேண்டாம். கட்டணப் பிரிவிலேயே ‘வெரிஃபை பே ஸ்டேட்டஸ்’ என்று ஒன்று இருக்கிறது. விண்ணப்ப எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். வங்கியிலிருந்து தகவல் தாமதமாக வந்திருந்தால் அங்கே ரசீது உருவாகிவிடும்.

அலுவலகத்தில் என்ன நடக்கும்?

குறித்த நாளில் அசல் உரிமம், விண்ணப்ப அச்சு, ரசீது, சான்றுகளின் அசலும் நகலும் எடுத்துப் போங்கள். சரிபார்ப்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். பழைய அட்டையை அங்கே வாங்கிக்கொண்டால், முன்பே இரண்டு பக்கமும் நகல் எடுத்து வைத்திருப்பது பின்னால் உதவும்.

புது அட்டையை எப்போது கையில் தருவார்கள்?

கையில் தருவதில்லை. 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் உரிமமும் ஆர்சியும் விரைவு அஞ்சலில்தான் வருகின்றன. ஆகவே கதவு எண், தெரு, பின்கோடு, போன் எண் ஆகிய நான்கும் சரியாக இருக்க வேண்டும். ‘மாரியம்மன் கோவில் தெரு’ என்று மட்டும் போட்டால் எந்த மாரியம்மன் என்று தபால்காரர் தேட வேண்டியிருக்கும். பகலில் வீடு பூட்டியிருந்தால் பக்கத்தில் சொல்லிவையுங்கள். திரும்பிப் போன அட்டை அலுவலகத்துக்கே போகும், முகவரியைச் சரிசெய்து மறுபடி தபாலில் பெற வேண்டிவரும்.

அதுவரை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ புதிய தேதியோடு தெரியும் உரிமத்தைக் காட்டலாம். சோதனையில் அது அசலுக்குச் சமம். அதன் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் வைத்திருப்பது அப்படி ஆகாது. இன்னொன்று: விண்ணப்பித்த ரசீது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. பழைய தேதி முடிந்து, புதுப்பித்தல் இன்னும் ஒப்புதலாகவில்லை என்றால் அந்த நாட்களில் ஓட்ட வேண்டாம்.

லாரி, பஸ், வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு என்ன மாறும்?

‘டிஆர்’ பகுதிக்குக் காலம் 5 ஆண்டுதான். ஆபத்தான சரக்கு, அதாவது பெட்ரோல், ஆசிட் டேங்கர் போன்றவை ஓட்டுபவருக்கு 3 ஆண்டு, அதற்கு ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று வயது பாராமல் தேவை.

‘டிஆர்’ முடிந்துவிட்டாலும் ‘என்டி’ தேதி இருக்கிறவரை சொந்தக் காரும் பைக்கும் ஓட்டலாம். தொழிலை விட்டவர் அந்தப் பகுதியை மட்டும் ஒப்படைத்துவிடவும் சாரதியில் சேவை உண்டு. சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள இலகு ரகப் போக்குவரத்து வாகனத்தை, சாதாரண எல்எம்வி (இலகு ரக மோட்டார் வாகன) உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இனி ஓட்டுநர் தேர்வு உண்டு. உரிமத்தில் உள்ள வகை வண்டியை ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றோடு கொண்டுபோக வேண்டும். பைக்குக்கு எட்டு போட வேண்டும். முப்பது வருடம் ஓட்டியவர்கள் எட்டில் கால் ஊன்றித் தோற்பது உண்டு. சாலையில் எட்டு போட்டு யாரும் ஓட்டுவதில்லை அல்லவா? நாலு நாள் மைதானத்தில் பழகிவிட்டுப் போங்கள். தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிறேன். ஊருக்கு வர இரண்டு வருடம் ஆகும்.

கிளம்பும் முன்பே, ஓராண்டுக்குள் முடிவதாக இருந்தால் புதுப்பித்துவிட்டுப் போவதுதான் சுலபம். வெளியில் இருந்தபடி ஆதார் வழியில் செய்ய இந்திய போன் எண் உயிரோடு இருக்க வேண்டும், அட்டை ஊர் முகவரிக்குத்தான் போகும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குத்தான் செல்லும், அதற்குள் உள்ளூர் உரிமம் முடிந்தால் அதோடு அதுவும் முடியும். எனவே முதலில் உரிமம், பிறகு அனுமதி என்ற வரிசையில் எடுங்கள்.

பிரௌசிங் சென்டரில் கொடுத்தால் போதாதா?

கொடுக்கலாம், பலர் ஒழுங்காகவே செய்து தருகிறார்கள். ஒரே நிபந்தனை: போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும். அவசரத்துக்குக் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் ஓடிபி, அலுவலகம் சொல்லும் குறை, தபால் கண்காணிப்பு எண் எல்லாமே அவருக்குப் போகும். ஆறு மாதம் கழித்து அவர் கடையை மாற்றியிருப்பார். வாட்ஸ்அப்பில் ‘பரிவாகன்’ என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) எதையும் திறக்காதீர்கள், அது வங்கிக் கணக்கைத் துடைக்க வருவது.

விண்ணப்பத்தில் உடலுறுப்பு தானம் பற்றிக் கேட்கிறதே, கட்டாயமா?

இல்லை. விருப்பம் இருந்தால் சம்மதம் சொல்லலாம், இல்லை என்றால் விட்டுவிடலாம். புதுப்பித்தலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சம்மதம் சொல்வதானால் வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் மருத்துவமனை கேட்பது அவர்களிடம்தான்.